ரேடியேட்டருக்கு ஆகாத தண்ணீர்

ஜேக்கப் காலையில் எழுந்ததும் ஜெபம் பண்ணினான். பிறகு முதலாளி வீட்டு ஷெட்டுக்குப் போய் முதலாளியின் காருக்கு வஞ்சகம் பண்ணினான். இரண்டையும் ஒரே மனதோடுதான் செய்தான். அதில் அவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ரேடியேட்டருக்கு அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, உள்ளே இருந்த கூலண்டில் கொஞ்சத்தை வாளியில் பிடித்துக்கொண்டு, திருகை மறுபடி இறுக்கினான். ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் சொட்டுகிற அளவுக்கு மட்டும் தளர்த்தி வைத்தான். கடைசியாக டிக்கியைத் திறந்து, அங்கே எப்போதும் இருக்கும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டின் மூலையில் சாக்குக்குப் பின்னால் ஒளித்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆம்பூர்ப் பக்கத்தில் ஆற்றோரமாக வண்டி ஓட்டுகிறவன் எவனும் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்ற மாட்டான். தோல் பதனிட்ட கழிவு இறங்கி இறங்கி அந்தத் தண்ணீர் அவ்வளவு உப்பு. ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பு கட்டி அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் சூடாகும், அப்புறம் ஹெட் கேஸ்கெட் போகும், அப்புறம் ஓனர் அழுவார். ஆகவே டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, கடையில் வாங்கிய தண்ணீர் ஒரு கேன் கட்டாயம் இருக்கும்.

முதலாளி கோதண்டராமன் இதில் ரொம்பக் கறார். ஜேக்கப் வேலைக்குச் சேர்ந்த அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"டேய், இந்த ஊரு தண்ணி ஒரு சொட்டு என் வண்டிக்குள்ள போகக்கூடாது. போச்சுன்னு தெரிஞ்சுது, உன் தோலை உரிச்சிடுவேன்."

தோல் பதனிடும் டேனரி அவருடையது, தோல்தான் தொழில். அதனால் ஜேக்கப் அதை அப்படியே நம்பினான். ஆனால் அன்று அவன் மனதில் ஆணி அடித்ததுபோல் இறங்கியது அந்த மிரட்டல் அல்ல. இதே வாய் முன்பு வேறு மாதிரி பேசியிருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டான்.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம். கீழ்ப்பட்டறையில் இருக்கும் ஜேக்கப்பின் பெரியம்மா மகள் பொன்மலர், கோதண்டராமனின் டேனரிக் கழிவால் தன் கிணற்றில் சிவப்பாக ஊறிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மனு கொடுக்கப் போனாள். அவள் வைத்த தென்னைகள் குருத்து கருகி நின்றன, வீட்டில் எல்லோருக்கும் கையில் அரிப்பு. அதிகாரிகள் கோதண்டராமனை அழைத்துக் கேட்டார்கள். மனிதர் அசரவில்லை. "அந்தக் கிணத்துத் தண்ணியை நானே குடிப்பேன், என் பிள்ளைங்களும் குடிக்கும். இந்தம்மா என் டேனரில சாய செக்‌ஷன்ல வேலை பாக்குது. அங்கேர்ந்து சாயத்தைத் திருடிக் கலக்கி எடுத்தாந்துருக்குது" என்றார். சொன்னதோடு விடாமல் திருட்டுப் புகாரும் கொடுத்தார்.

பொன்மலரை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். வழக்கு நிற்கவில்லை, ஆனால் பெயர் நின்றுவிட்டது. ஷூ கம்பெனி எதிலும் அவளைச் சேர்க்கவில்லை. தெருப் பிள்ளைகள் 'கலர் பாட்டில்' என்று கூப்பிட்டார்கள். கோயிலில்கூட அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பாட்டுப் பாடினால் நாலு தெரு கேட்கும் அவள் குரல், அதற்கப்புறம் ஆராதனையில் எழும்பவே இல்லை.

ஜேக்கப் அப்போது பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். விஷயம் கேட்டு ஓடி வந்தவன் பொன்மலரைப் பார்த்துவிட்டு நேரே கோதண்டராமனிடம் போய் வேலை கேட்டான். டிரைவருக்கு ஒரு பெரியம்மா உண்டு, பெரியம்மாவுக்கு ஒரு மகள் உண்டு என்று எந்த முதலாளி விசாரிப்பான்? லைசென்ஸைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார்.

"அவங்கிட்ட போயா வேலைக்குச் சேந்த?" என்று பொன்மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விட்டுடு தம்பி, கர்த்தர் பாத்துப்பார்."

கர்த்தருக்கு ஆயிரம் வேலை, இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஜேக்கப் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். பிரேக்கைப் பிடுங்கிவிட வேண்டும், ஏலகிரி வளைவில் தள்ளிவிட வேண்டும் என்றெல்லாம் அவன் ஆசைப்படவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இந்தத் தண்ணீர் கெட்ட தண்ணீர் என்று அந்த வாயே, நாலு பேர் கேட்க, அதிகாரி கேட்க, சொல்ல வேண்டும். அதற்காக மூன்று வருஷம் கதவு திறந்துவிட்டான், குடை பிடித்தான், 'சரி மொதலாளி' என்றான்.

இன்று நாள் வந்தது. நீதிமன்றம் போட்ட ஆய்வுக் குழுவிலிருந்து சௌந்தர்யா என்ற அதிகாரி தண்ணீர் மாதிரி எடுக்க வருகிறாள். எடுக்கப் போவது டேனரியின் பின்பக்கக் கிணற்றில். அந்தக் கிணற்றில் ஒரு வாரமாக லாரி லாரியாக நல்ல தண்ணீர் கொட்டப்படுவது ஜேக்கப்புக்குத் தெரியும். லாரிக்கு வழி காட்டியதே அவன்தான்.

அதிகாரியை ஆம்பூரில் வரவேற்று, பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டு, அவள் மறுத்ததும் இளித்துவிட்டு, கோதண்டராமன் காரில் ஏறினார். அவளுடைய ஜீப் பின்னால் வந்தது. அக்னி நட்சத்திர வெயில் தார் ரோட்டைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா இந்தப் பக்கம் திருப்புற?"

"பைபாஸ்ல பாலம் வேலை நடக்குது மொதலாளி. லாரிங்க வரிசையா நிக்குது. ஜாஸ்தி லேட்டாய்டும். கீழ்ப்பட்டறை வழியா பூந்துடலாம்."

பாலமும் இல்லை, வேலையும் இல்லை. கோதண்டராமன் ஃபோனில் மூழ்கிவிட்டார். ஜேக்கப்பின் கண் வெப்பமானியின் ஊசியிலேயே இருந்தது. நடுவில் நின்ற ஊசி மெல்ல அசைந்து மேலே போனது.

"மொதலாளி, இன்ஜின் சூடு ஏறுது."

"இன்னாடா சொல்ற? போன மாசம்தான சர்வீஸ் வுட்டோம்?"

"ஏசியை நிறுத்தணும். நிறுத்திட்டு ஹீட்டரை ஃபுல்லா வெக்கணும். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். அப்பதான் தாங்கும்."

இது பொய் இல்லை, எந்த மெக்கானிக்கும் சொல்லும் வைத்தியம்தான். வைத்தியத்திலேயே வஞ்சம் தீர்க்க முடிகிறதென்றால் அது டிரைவரின் அதிர்ஷ்டம். ஹீட்டர் வாயிலிருந்து காற்று அனலாக வந்தது. கோதண்டராமனின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது, அப்புறம் வயிற்றில் ஒட்டியது. ஜன்னலை இறக்கினார், வெளியே இருந்தும் அனல் வந்தது.

"ஐயோ, வேகுதுடா!"

"இன்னும் கொஞ்ச தூரம்தான் மொதலாளி. வண்டி முக்கியம்ல?"

ஜேக்கப்புக்கும்தான் வியர்த்துக் கொட்டியது. ஆனால் அவனுக்கு அது ஜில்லென்று இருந்தது. முதலாளி கர்ச்சீப்பைப் பிழிவதைக் கண்ணாடியில் பார்த்தபோது, பெங்களூரிலிருந்து வந்த நாள்முதல் நெஞ்சில் கிடந்த பாரத்தில் ஒரு மூலை குறைந்தது. அதைச் சொல்ல அவன் வெட்கப்படவில்லை, நானும் வெட்கப்படவில்லை.

கீழ்ப்பட்டறைத் தெருவின் நடுவில், அடிபம்புக்குப் பக்கத்தில் வந்ததும், ஊசி சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே வண்டியை நிறுத்தினான். இன்ஜினைக் கொல்வது அவன் திட்டத்தில் இல்லை. பானெட்டைத் தூக்கியதும் ஆவி எழும்பியது. தெரு குறுகல் என்பதால் பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. தொப்பி போட்டுக்கொண்டு சௌந்தர்யா இறங்கி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம், சின்ன பேஜார், இப்ப சரியாய்டும்" என்றார் கோதண்டராமன். பொறுமை இல்லாமல் கையை நீட்டி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஒரு கணம் ஜேக்கப் சும்மா இருந்தான். திறக்கட்டுமே என்று மனசு சொன்னது. பொன்மலர் வெந்ததில் கால்வாசி இந்த ஆள் வேகட்டுமே. பிறகு எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டான். இரக்கத்தால் அல்ல, வெந்துபோன வாயால் வாக்கியம் பேச வராது என்பதால்.

"தொடாதீங்க மொதலாளி, ஆவி அடிச்சுடும். ஆறட்டும்."

ஆறட்டும் என்று சொல்லிவிட்டு அவன் நிதானமாகச் சோதிக்கத் தொடங்கினான். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தான், சுற்றியது. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான், கெட்டியாக இருந்தது. ரேடியேட்டர் முகப்பில் தூசி அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான், சுத்தமாக இருந்தது. அவனே தினமும் துடைப்பதுதானே. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். கூட்டம் போதும் என்று தோன்றியதும் ரப்பர் குழாயைத் தொட்டு, "ஆங், இங்க ஒழுவுது. கிளிப்பு லூசு" என்று கண்டுபிடித்து, காலையில் தான் தளர்த்தியதைத் தானே இறுக்கினான். துணியைப் போட்டு மூடியை மெல்லத் திறந்து உள்ளே பார்த்தான்.

"தண்ணி கம்மியா இருக்குது மொதலாளி. ரொப்புனாதான் எடுக்க முடியும்."

"கேனை எடுடா."

ஜேக்கப் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தேடினான். "கேன் இல்ல மொதலாளி. வீட்டுல கழுவ எடுத்தாங்களோ இன்னாவோ."

அடிபம்பில் ஒரு பெண் குடம் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவ மட்டும்தான் அந்தத் தண்ணீர். அவள்தான் பொன்மலர். ஜேக்கப் அவளிடம் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. சொன்னால் தடுத்திருப்பாள்.

"யக்கா, அந்தக் குடத்தைக் கொஞ்சம் குடுங்க. வண்டிக்கு ஊத்தணும்."

பொன்மலர் அவனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். கோதண்டராமனைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நேரே காருக்கு வந்தாள். கோதண்டராமன் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார், ஆனால் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஒருத்தியின் வாழ்வை நாசமாக்கியவனுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை. ஜேக்கப்புக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

குடத்தை வாங்கி ரேடியேட்டரின் வாயில் சாய்க்கப் போனான்.

"டேய், டேய்! ஊத்தாத! அதைக் கிட்டயே கொண்டாராத!"

சௌந்தர்யா திரும்பிப் பார்த்தாள். "ஏன் சார்? தண்ணிதானே?"

கோதண்டராமன் சட்டென்று சிரித்தார். பேச்சை மாற்ற அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வருமோ. "அது ஒண்ணும் இல்ல மேடம். கம்பெனிக்காரன் கூலண்ட் மட்டும்தான் ஊத்தச் சொல்லியிருக்கான். எந்தத் தண்ணியும் ஊத்தக் கூடாது. மினரல் வாட்டரா இருந்தாலும் கூடாது. இந்தப் பசங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் மண்டையில ஏறாது."

"ஆமா, அது சரிதான்" என்று சௌந்தர்யா தலையாட்டினாள்.

ஜேக்கப்புக்கு நம்பிக்கை விட்டுப்போனது. மூன்று வருஷம் காத்து, ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, கடைசியில் மனிதர் விலாங்கு மீனாக நழுவிவிட்டார். அடுத்து என்ன என்பது அவன் திட்டத்தில் இல்லவே இல்லை. குடத்தைப் பிடித்தபடி அசடாக நின்றான். பொன்மலர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பார்த்தபோது அவனுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் எதிர்வீட்டு ரஃபத் ஜஹான் வெளியே வந்தாள். வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள், பாதிப் பேச்சை மட்டும் கேட்டிருக்கிறாள். விரலில் பசை காயாமல், இடுப்பில் ஒரு கேனை வைத்துக்கொண்டு வந்தாள்.

"பாவம், பெரியவரு எவ்ளோ நேரமா வெயில்ல நிக்கிறாரு. கார்ல பம்ப்பு தண்ணி ஊத்தினா கெட்டுடும்பா. இந்தா, ஃபில்டர் தண்ணி. காலையிலதான் வந்துச்சு."

கோதண்டராமனின் முகம் மலர்ந்தது. வியர்வையில் ஊறி, நாக்கு வறண்டு, ஏசிக்கு ஏங்கிக்கொண்டிருந்த மனிதர் அல்லவா. "அப்பாடா! நீ நல்லா இருக்கணும்மா. டேய், வாங்குடா. இதை ஊத்து, இதை ஊத்து!"

ஜேக்கப் நகரவில்லை. நகரத் தேவையில்லை என்று அவனுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

"எந்தத் தண்ணியும் கூடாதுன்னு சொன்னீங்களே சார்?" என்றாள் சௌந்தர்யா.

"அது... இது ஃபில்டர் தண்ணி மேடம்."

"மினரல் வாட்டரும் கூடாதுன்னீங்க. இப்போ இது மட்டும் பரவாயில்லையா? அப்போ அந்தக் குடத்துல இருக்கிறது என்ன?"

"மேடம், வெயில்ல நின்னுக்கினு இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"பதில் சொல்லுங்க சார்."

ஆவிக்கும் வெயிலுக்கும் நடுவில் மனிதரின் பொறுமை தீர்ந்தது. "சின்னப் பொண்ணு நீங்க, உங்களுக்கு வண்டியைப் பத்தித் தெரியல! இந்தத் தண்ணியை ஊத்தினா ரேடியேட்டர் ஒரு வருஷம் தாங்காது. உப்புக் கட்டி இன்ஜினே செத்துப்பூடும். இந்த ஊரு தண்ணி எந்த லட்சணத்துல இருக்குதுன்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான!"

சொல்லிவிட்டார். கடைசிச் சொல் வெளியே வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. ஜேக்கப் கர்த்தருக்கு நன்றி சொன்னான், ரஃபத் ஜஹானுக்கும் சேர்த்து.

பொன்மலர் ஜேக்கப்பின் கையிலிருந்து குடத்தை வாங்கி அவர் காலடியில் வைத்தாள். அவள் குரல் நாலு தெருவுக்கும் கேட்டது.

"மொதலாளி, நல்லா பாத்துக்கோங்க. நீங்க நிக்கும்போதுதான் அடிச்சேன். இதுல நான் ஒண்ணும் கலக்கல."

அப்போதுதான் அவருக்கு அவள் யாரென்று தெரிந்தது. முகத்தில் அது மெல்ல மெல்ல வந்ததை ஜேக்கப் ஒரு துளி விடாமல் பார்த்தான். மூன்று வருஷச் சம்பளத்தை விட்டுக்கொடுத்திருந்தால்கூட அப்படி ஒரு காட்சி கிடைக்காது.

பொன்மலரின் பழைய மனுவைக் கோப்பில் படித்திருந்த சௌந்தர்யா ஜீப்பைப் பார்த்துக் கையசைத்தாள். "சாம்பிள் பெட்டியை இங்கேயே இறக்குங்க. இந்தப் பம்புல எடுத்துக்கலாம், இவங்க கிணத்துலயும் எடுத்துக்கலாம். டேனரிக் கிணறு அப்புறம்."

"இந்த இடம் உங்க ஆர்டர்லயே இல்லயே மேடம்!"

"எங்க எடுக்கணும்னு முடிவு பண்றது நான் சார். நீங்க சொன்னதையும் இன்னிக்கு ரிப்போர்ட்ல எழுதுவேன்."

ரஃபத் ஜஹான் கேனோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பொன்மலர் அவள் தோளைத் தொட்டு, "உள்ள எடுத்துனு போ ரஃபத். இது பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. இந்தக் காருக்கு இல்ல" என்றாள். ரஃபத் ஜஹான் கோதண்டராமனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோதண்டராமன் ஜேக்கப்பை நெருங்கி வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாம் நீ பண்ண வேலைதான?"

"ஆமா மொதலாளி."

"யாருடா நீ?"

"பொன்மலரு எங்க பெரியம்மா பொண்ணு."

அவர் அடிக்கக் கை ஓங்குவார் என்று ஜேக்கப் எதிர்பார்த்தான், ஆசைகூடப் பட்டான். அவர் ஓங்கவில்லை. சுற்றி நின்ற தெருவைப் பார்த்தார். பம்படியில் சௌந்தர்யாவின் ஆட்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள், பொன்மலர்தான் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எப்படியாவது போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் மனிதருக்கு மிச்சம்.

"சரி. அந்தக் குடத்தையே ஊத்து. வண்டியை எடு, போலாம்."

ஜேக்கப் ரேடியேட்டர் மூடியைத் திருகி இறுக்கினான். பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கினான். அதன்மேல் ஒட்டியிருந்த தூசியைப் பழக்க தோஷத்தில் துணியால் துடைத்தான். சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"ஊத்துடா நாயே! அதான் ஊத்தச் சொல்றேன்ல?"

"அந்தத் தண்ணியை நான் ஊத்த மாட்டேன். வண்டி இன்னா மொதலாளி பாவம் பண்ணுச்சு?"

கோதண்டராமன் கொஞ்ச நேரம் குடத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. தெருவில் யாரும் அவருக்குக் குடை கொடுக்கவில்லை.